மஞ்சள் விட்டிலின் பெயர்ச்சீட்டு

கீரிப்பாறைக்கு மேலே,
ஏழாம் பிளாக் லயம்,
4 ஜூன் 2024

பிரியமுள்ள ஜான்ரோஸ் அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையில் தங்கச்சி சத்தியபாய் எழுதுவது. நான் சுகம். பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் ஜெஸ்மியும் சாப்பாடு ஒன்றைத் தவிர மற்றபடி சுகம் என்கிறாள். உங்கள் சர்க்கரையும் மைனியின் முட்டுவலியும் எப்படி இருக்கிறது?

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இந்த மலையில் டவர் கிடைக்க வேண்டுமானால் எஸ்டேட் கேட் வரைக்கும் ஒரு மைல் இறங்க வேண்டும், மழை பெய்தால் அங்கேயும் கிடைக்காது. தவிர, இந்தக் கடிதத்தோடு வருகிற ஆளைப் போனில் அனுப்ப முடியாது. மடித்த தாளைப் பிரித்துப் பாருங்கள். மஞ்சள் விட்டில்.

இந்த வருஷம் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் எல்லோருக்கும் நெற்றியில் கட்டும் புது விளக்கு கொடுத்திருக்கிறார்கள். பழைய மஞ்சள் பல்பு இல்லை, கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். காலை நாலு மணிக்கு முதல் மரத்தில் கத்தி வைக்கும்போதே காட்டோரத்திலிருந்து இந்த விட்டில்கள் கூட்டமாக வந்து முகத்தில் மோதுகின்றன. போன வியாழக்கிழமை ஒன்று என் வலது கண்ணிலேயே அடித்தது. அன்று முதல் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. பக்கத்து லயத்து வீட்டில் இருக்கும் ஸ்மைலினுக்குக் கழுத்தெல்லாம் அரிப்பு. எல்லோரும் முகத்தை மூடித் துணி கட்டிக்கொண்டு வெட்டுகிறோம். மூச்சு முட்டுகிறது, வியர்வை கண்ணில் இறங்குகிறது.

பால் அளக்கும் கொட்டகையில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க அண்ணன் காலேஜ் மியூசியத்துலதான இருக்காரு, இது விஷமான்னு கேட்டுச் சொல்லுங்க அக்கா" என்றாள் ஸ்மைலின். என் அண்ணனுக்குத் தெரியாத பூச்சி ஆண்டவர் படைக்கவில்லை என்று பெருமை அடித்துவிட்டேன். என் முகத்தைக் காப்பாற்றுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சத்தியபாய்

* * *

தூத்துக்குடி,
11 ஜூன் 2024

அன்புத் தங்கச்சி சத்தியபாய்க்கு,

சமாதானம் உண்டாகட்டும். எனக்குச் சர்க்கரை அளவோடு இருக்கிறது. மைனி முட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

முப்பத்துநாலு வருஷம் இந்த மியூசியத்தில் அட்டெண்டராக இருக்கிறேன். நம் குடும்பத்தில் ஒருத்தர்கூட என்னிடம் ஒரு பூச்சியின் பெயரைக் கேட்டதில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன்.

பூச்சியின் வயிற்றைத் தபால்காரன் முத்திரை குத்தி நசுக்கிவிட்டான். ஆனாலும் சிறகு முழுசாக இருக்கிறது. மூன்றாவது இழுப்பறையில் மஞ்சள் அந்துப்பூச்சிகள் பன்னிரண்டு வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்தேன். இடமிருந்து இரண்டாவது அப்படியே உன்னுடையதுதான். அதன் பெயர்ச்சீட்டு சொல்வது: பாசி அந்து. பிரியாணியில் கல்பாசி போடுவோம் அல்லவா, அந்தச் சாதிப் பாசி உங்கள் ரப்பர் மரப் பட்டையிலும் படர்ந்திருக்கும். இதன் புழு அதைச் சுரண்டித் தின்று வளரும். மனுஷனை ஒன்றும் செய்யாது. தைரியமாகத் துணியைக் கழற்றச் சொல்லு. கண்ணைப் பச்சைத்தண்ணீரில் கழுவு, போதும்.

இனிமேல் அனுப்பினால் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பு. கூடவே ஒரு சீட்டு எழுது. இடம், தேதி, எந்த மரம், பிடித்தவர் பெயர், தீங்கு உண்டா இல்லையா. சீட்டு இல்லாத பூச்சி வெறும் குப்பை என்று எங்கள் பழைய புரபசர் சொல்லுவார்.

இன்னொரு சங்கதி. ஆகஸ்ட் 31-ல் எனக்கு ஓய்வு. போன டிசம்பர் வெள்ளத்தில் மியூசியத்தைக் காப்பாற்றியதற்காக நிர்வாகம் கேடயம் தரப்போகிறதாம். நீ முன்வரிசையில் உட்கார வேண்டும்.

அண்ணன்,
ஜான்ரோஸ்

* * *

ஏழாம் பிளாக் லயம்,
25 ஜூன் 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். கேடயம் வாங்கப்போகிற அண்ணனுக்கு இந்த மலையிலிருந்து ஒரு கும்பிடு. வருகிறேன். நல்ல சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பால் அளக்கும் கொட்டகையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று சத்தமாக வாசித்தேன். சூப்பர்வைசர்கூடக் கழுத்தைத் தடவிக்கொண்டு எதிரே வந்து நின்று கேட்டார். மறுநாளே எல்லோரும் துணியைக் கழற்றிவிட்டார்கள். காற்று முகத்தில் படுவதே பெரிய சுகம்.

என் கண்தான் இன்னும் சிவந்தே இருக்கிறது. நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டு வைத்துக் கழுவுகிறேன், உறுத்தும்போது முந்தானையால் தேய்த்துவிடுகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஒரு வாரமாக என் முந்நூறு மரத்திலும் பாசியைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு புழு இல்லை. ஆனால் எல்லையில் நிற்கும் மருதமரத்தில் ஒரு இலைக்கு அடியில் இந்த விட்டில் உட்கார்ந்திருந்தது. அதன் வாலில் மஞ்சளாகக் குஞ்சம்போல மயிர் உண்டு. நீங்கள் பார்த்ததில் நசுங்கிப் போயிருக்கும். அது ஒவ்வொரு முட்டையாக வைத்து, வால் மயிரை உதிர்த்து உதிர்த்து மேலே ஒட்டுகிறது. வைத்து முடிக்கும்போது வால் மொட்டையாகி, முட்டைக்கு ஒரு கம்பளி வந்துவிட்டது. அரைமணி நேரம் நின்று பார்த்தேன். ஜெஸ்மி பிறந்த அன்று துணி போதாமல் நான் கட்டியிருந்த சேலையில் பாதியைக் கிழித்துச் சுற்றினார்களே, அது ஞாபகம் வந்தது. சூப்பர்வைசர் கத்தின பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

அந்த இலையை வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாசி அந்து இப்படிச் செய்யுமா?

தங்கச்சி,
சத்தியபாய்

* * *

தூத்துக்குடி,
2 ஜூலை 2024

சத்தியபாய்க்கு,

சுகம். உன் சுகத்தையும் எழுது.

இலை வந்தது. இப்படி எத்தனையோ பூச்சி செய்யும். அந்தப் பெயர்ச்சீட்டு அறுபது வருஷம் முந்தையது, படித்தவர்கள் எழுதியது. இருட்டில் நெற்றி விளக்கில் பார்க்கிற உன் கண்ணுக்கு ஒன்று ஒன்பதாகத் தெரியும். கண்ணுக்கு மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விடு. ரொம்ப யோசிக்காதே.

இங்கே விழா வேலை. தலைக்கு மேல் இருக்கிறது.

ஜான்ரோஸ்

* * *

ஏழாம் பிளாக் லயம்,
16 ஜூலை 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது. வேலை அதிகம் என்று தெரிகிறது, உடம்பைப் பாருங்கள்.

தீப்பெட்டியில் பஞ்சு வைத்து ஒன்று அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை வால் முழுசாக இருக்கிறது. சீட்டும் நீங்கள் சொன்னபடி எழுதினேன், கடைசி வரியை மட்டும் வெறுமனே விட்டிருக்கிறேன். அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஸ்மைலினுக்கு முகம் வீங்கி, இடது கண்ணும் சிவந்துவிட்டது. எனக்கு மத்தியான வெயிலைப் பார்க்க முடியவில்லை, கண்ணுக்குள் ஊசி போகிற மாதிரி இருக்கிறது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் சொட்டு மருந்துதான் தந்தார்கள். என்ன ஏது என்று சொன்னால்தானே அவர்களும் வைத்தியம் பார்ப்பார்கள். பட்ட பூச்சி எது என்று கேட்டார்கள். பாசி அந்து, தீங்கில்லை என்று உங்கள் கடிதத்தைக் காட்டினேன்.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் புரபசரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

சத்தியபாய்

* * *

ஏழாம் பிளாக் லயம்,
9 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

பதில் வரவில்லை. கிடைத்ததோ இல்லையோ என்று தபால்காரரிடம் கேட்டேன். தூத்துக்குடித் தபால் இரண்டு நாளில் போய்விடும் என்கிறார். கேட் வரை இறங்கி மூன்று தடவை போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உங்களுக்கு ஒன்றும் இல்லையே? மைனிக்கு?

வெட்டில் என் கை பிசகுகிறது. ஒரு கண் கலங்கினால் ஆழம் தெரியவில்லை. பட்டை எங்கே முடிகிறது, தடி எங்கே தொடங்குகிறது என்று கத்தி தடுமாறுகிறது. இருபத்திரண்டு வருஷத்தில் என் மரத்தில் ஒரு காயம் கிடையாது. இந்த மாதம் பதினொரு மரத்தைக் காயப்படுத்திவிட்டேன். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் ஏசினார்.

சில பெண்கள் திரும்பவும் துணி கட்டிக்கொண்டார்கள். நான் கட்டவில்லை. நான் கட்டினால் என் அண்ணன் எழுதியது பொய் என்று ஆகிவிடும். துணி கட்டலாமா வேண்டாமா, ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

சத்தியபாய்

* * *

தூத்துக்குடி,
2 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

எங்களுக்கு ஒன்றும் இல்லை, சுகம்தான். விழா சனிக்கிழமை முடிந்தது. மாலை போட்டார்கள், கேடயம் தந்தார்கள். உனக்குப் போட்டிருந்த நாற்காலி கடைசி வரைக்கும் காலியாக இருந்தது.

இதை வாசித்த உடனே கிளம்பு. நாளைக்கு என்று வைக்காதே. பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போ. ஸ்மைலினையும் கூட்டிப் போ. கண்ணைத் தேய்க்காதே, நந்தியாவட்டையும் வேண்டாம். எல்லோரும் முகத்தை மூடித் துணி கட்டட்டும், கண்ணாடி போடட்டும்.

அது பாசி அந்து இல்லை. அதற்குப் பெயர் யூப்ராக்டிஸ். காட்டு மரங்களில் வளர்வது. புழுவின் மேல் நுண்ணிய முள் மயிர் உண்டு. அது கூடு கட்டும்போது அந்த மயிர் கூட்டிலேயே தங்கும். வெளியே வருகிற தாய்ப்பூச்சி அதை வால் குஞ்சத்தில் ஒட்டிக்கொண்டு வந்து முட்டைக்குப் போர்த்தும், எறும்பு தொடாமல் இருக்க. அந்த மயிர் தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் தைத்துக்கொண்டு உள்ளே நகரும். தேய்க்கத் தேய்க்க நகரும். நீ மருத இலையில் பார்த்தது அத்தனையும் சரி. டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லு.

நான் வந்திருக்க வேண்டும். மைனிக்கு முட்டு முடியவில்லை.

ஜான்ரோஸ்

* * *

ஏழாம் பிளாக் லயம்,
24 செப்டம்பர் 2024

மரியாதைக்குரிய ஜான்ரோஸ் அண்ணனுக்கு,

பக்கத்து லயத்து ஸ்மைலின் எழுதுவது. சத்தியபாய் அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அக்கா சுகம். நீங்களும் மைனியும் சுகமாக இருக்க வேண்டும். கடிதம் ஆறாம் தேதி கிடைத்தது, அன்றைக்கே திருவனந்தபுரம் போனோம். அவ்வளவுதான், முடித்துவிடு என்கிறார்கள்.

இனி நானாக எழுதுவது. அக்காவுக்குத் தெரியாது.

என் கண்ணில் ஒரு மயிர் மேலாகத் தைத்திருந்தது. எடுத்துவிட்டார்கள், பார்வை இருக்கிறது. அக்கா கண்ணில் நாலைந்து. எல்லாம் உள்ளே போய் விழித்திரை வரை புண் ஆகி, சீழ் பிடித்துவிட்டது. பத்து நாள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பதினாறாம் தேதி வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் மற்றதும் போகும் என்றார்கள். அந்த டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஜூலை மாசம் வந்திருந்தா இதை ஒரு மணிக்கூர்ல எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேனே."

ஜெஸ்மி வந்து அழுதுகொண்டே இருந்தாள். அக்கா அழவில்லை. உங்கள் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஜெஸ்மியிடம் கொடுத்து, தேதிகளை மட்டும் வாசி என்றார்கள். அவள் வாசித்தாள். அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டார்கள்.

அக்கா கேட்க மாட்டார்கள், நான் கேட்கிறேன். ஜூலை இரண்டாம் தேதிக்கும் செப்டம்பர் இரண்டாம் தேதிக்கும் நடுவில் நீங்கள் ஏன் எழுதவில்லை?

ஸ்மைலின்

* * *

தூத்துக்குடி,
12 அக்டோபர் 2024

சத்தியபாய்,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. ஸ்மைலின் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன டிசம்பரில் வெள்ளம் மியூசியத்துக்குள் இடுப்பளவு வந்தது. நான் தனியாக இழுப்பறைகளைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். அது நிஜம். மூன்றாவது இழுப்பறை கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. பூச்சிகள் ஊசியில் குத்தியிருந்ததால் நின்றன. பசையால் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் பெயர்ந்து மிதந்தன. பன்னிரண்டையும் பொறுக்கி வெயிலில் காய வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வரிசை எனக்கு மனப்பாடம் என்று நானே திரும்ப ஒட்டினேன்.

முப்பத்துநாலு வருஷமும் நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். இழுப்பறைப் பெட்டி பிள்ளைகளைப் பார்த்து இருக்கும். எனக்கு இடது என்றால் பெட்டிக்கு வலது. அன்றைக்கு நான் பெட்டிக்கு முன்பக்கம் உட்கார்ந்து ஒட்டினேன். பன்னிரண்டும் மாறிப்போயிற்று. முதலில் இருக்க வேண்டியது கடைசிக்குப் போயிற்று.

ஜூன் மாதம் நான் எழுதியது தெரியாமல் செய்த பிழை. ஜூலை மாதம் எழுதியது அப்படி இல்லை. உன் மருத இலை வந்த அன்று முட்டையின் மேல் அந்தக் கம்பளியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய புரபசர் வருஷா வருஷம் வகுப்பில் அதைச் சொல்வார், நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அது விஷ மயிர் என்று தெரிந்தேதான் ரொம்ப யோசிக்காதே என்று எழுதினேன்.

புரபசரிடம் கேட்டால் இழுப்பறையைத் திறப்பார்கள். திறந்தால் தெரிந்துவிடும். காப்பாற்றினதற்குக் கேடயம் அடித்து, அதில் என் பெயரை வெட்டியும் ஆகிவிட்டது. ஆகஸ்ட் 31 கழியட்டும், பிறகு சொல்லலாம், அதற்குள் ஒரு கண் உறுத்தல் என்ன செய்துவிடும் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். உன் போன் மணி அடித்தபோது பக்கத்திலேயே இருந்தேன். உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று எடுக்கவில்லை. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி டிக்கெட்டும் எடுத்தேன். பஸ் கிளம்புமுன் இறங்கிவிட்டேன். மைனியின் முட்டு காரணம் இல்லை.

ஒரு பலகைக்கு ஆசைப்பட்டு உன் கண்ணைக் கொடுத்துவிட்டேன். நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

ஜான்ரோஸ்

* * *

ஏழாம் பிளாக் லயம்,
5 நவம்பர் 2024

ஜான்ரோஸ் அண்ணனுக்கு,

நானே எழுதுகிறேன். வரி கோணலாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் வாய்க்கு வாய் சொல்வார்கள். இப்போது என் முன்னால் யாராவது அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். நான்தான் சிரிக்க வேண்டியிருக்கிறது.

வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டார்கள். என் முந்நூறு மரத்தையும் வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த பாலைப் பொறுக்குவது இப்போது என் வேலை. அதற்கு ஒரு கண் போதுமாம். சிரட்டையில் கை வைக்கப்போனால் அது ஒரு விரல்கடை தள்ளி இருக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள்.

உங்கள் கடிதத்தைப் பால் அளக்கும் கொட்டகையில் வாசித்தேன். ஜூன் மாதம் வாசித்த அதே ஸ்டூல். ஏறும்போது ஸ்மைலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாசிக்காண்டாம் அக்கா, நம்ம வீட்டு மானம்" என்றாள். என் அண்ணன் சொன்னாருன்னு துணியைக் கழற்றின பெண்கள் இவர்கள், இவர்களுக்குத் தெரியாமல் எந்த மானம் என்று கேட்டேன். முழுசாக வாசித்தேன், பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கியது வரைக்கும். யாரும் உங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சூப்பர்வைசர் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அது தீராது என்றுதான் தோன்றுகிறது. ஜூன் மாதப் பிழையை நான் அன்றைக்கே மறந்திருப்பேன். கை நழுவாத மனுஷன் யார்? துணி கட்டாமல் நான் வெட்டின நாட்களைத்தான் மறக்க முடியவில்லை. உங்கள் பேச்சைக் காப்பாற்ற நான் கட்டவில்லை. உங்கள் பெயரைக் காப்பாற்ற நீங்கள் எழுதவில்லை.

என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றீர்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள். மூன்றாவது இழுப்பறை இன்னும் அப்படியேதான் இருக்கும். அங்கே படிக்கிற ஒரு பிள்ளைக்கும் என்னைப் போல எங்காவது ஒரு தங்கச்சி இருப்பாள். கேடயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், புரபசர் முன்னால் இழுப்பறையைத் திறந்து சொல்லுங்கள். பன்னிரண்டு சீட்டையும் சரியான இடத்தில் ஒட்டுங்கள். பெட்டிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்து ஒட்டுங்கள். ஒட்டி முடித்த பிறகு எழுதுங்கள். அதுவரைக்கும் கடிதம் வேண்டாம், நேரிலும் வர வேண்டாம்.

தீப்பெட்டியில் ஒன்று அனுப்புகிறேன். மருதமரத்தடியில் செத்துக் கிடந்தது, ஸ்மைலின் கையுறை போட்டு எடுத்தாள். பழையதை எடுத்துவிட்டு இதை வையுங்கள். சீட்டை நானே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது.

இடம்: கீரிப்பாறைக்கு மேலே, ஏழாம் பிளாக், காட்டோரம்.
தேதி: 3 நவம்பர் 2024.
மரம்: மருது.
பிடித்தவர்: சத்தியபாய், இருபத்திரண்டு வருஷம் பால்வெட்டு.
தீங்கு: உண்டு.